முடவன் முழுக்குக்கு வந்தவள்

மயிலாடுதுறை
தை 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் மார்கழியிலேயே வந்துவிட்டது. பதில் எழுதத்தான் கை ஒழியவில்லை. கதிர் சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, அறுவடை மெஷின் வயலில் இறங்கவே பத்து நாள் தள்ளிப் போயிற்று. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது என்றார்கள். மூன்று நாள் ரோட்டில் கொட்டி, காலால் கிளறிவிட்டுக்கொண்டே, போகிற வருகிற பஸ்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மூட்டை ஏறிவிட்டது. மேட்டூர் அணையையும் வழக்கம்போல 28-ஆம் தேதியோடு மூடிவிடுவார்கள். இனி உட்கார்ந்து எழுதலாம். போனில் சொன்னால் உனக்குப் பாதி கேட்காது, மீதியை நீயாக இட்டுக்கட்டிக்கொள்வாய்.

அப்பா உயிரோடு இருக்கிறார். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி சாப்பாட்டில், ரசத்துக்கு வந்த நேரத்தில், "நான் பொங்கல் பாக்கமாட்டேன்"னார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ரெண்டு தோசை ஒன்றரை ஆகியிருந்தது, அவ்வளவுதான். கனவில் அவருடைய அம்மா கொல்லைக் கதவுகிட்டே சொம்போடு நின்று, "வாடா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாராம். எனக்குக் கையில் இருந்த சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரிதான், "மோர் ஊத்தட்டுமா மாமா?" என்றாள்.

மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். அவருடைய கடைசிக் காரியங்களுக்கான உத்தரவுகள். ஆரம்பப் பள்ளி வாத்தியார் புத்தி போகுமா? ஒண்ணு, ரெண்டு என்று நம்பர் போட்டு எழுதினார். ப்ரீசர் பெட்டி வைக்காதே, எனக்குக் குளிர் ஆகாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒற்றுப்பிழை பார். 'இமயம் சரிந்தது' என்று போடாதே, நான் ஐந்தடி மூணங்குலம். கருமாதிச் சாப்பாட்டுக்கு வாழைக்காய் வறுவல் வீட்டிலேயே போடு. கடைசி இரண்டு பக்கம் கொடுக்கல் வாங்கல். யாருக்குத் தரணும், யாரிடம் வாங்கணும். அதில் உன் பேரும் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

அவருக்கு எண்பது முடிந்தபோது திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்யலாம் என்று நான் கெஞ்சியது உனக்கு ஞாபகம் இருக்கும். "எமனை உதைச்ச எடத்துல போய் மாலையும் கழுத்துமா நின்னா, அவன் நம்ம பேரைக் குறிச்சு வச்சுக்குவான்டா" என்று வர மறுத்துவிட்டார். இப்போது என்னவென்றால், ஸ்ரீவாஞ்சியத்துக்கு கார் எடு என்கிறார். அங்கேதான் எமனுக்குத் தனிச் சன்னதி. "மனு குடுக்கணும்னா உரிய அலுவலகத்துல குடுக்கணும்." கூட்டிப்போனேன். என்ன வேண்டிக்கொண்டார் என்று சொல்லவில்லை. திரும்பும்போது நன்னிலத்தில் இறங்கி டீ குடித்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து பையன் வந்தான். தாத்தாவின் நோட்டைப் படித்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தாத்தா, உங்களுக்குன்னே ஒரு படம் இருக்கு" என்று டி.வி.யில் போட்டுவிட்டான். 'முக்தி பவன்' என்று ஓர் இந்திப் படம். அப்பாவுக்கு முதல் கோபமே அதில்தான். "1965-ல இந்தி எழுத்து மேல தார் பூசினவன்டா நான். சாகப்போற நேரத்துல இந்தியா?" கீழே ஆங்கில எழுத்து ஓடியது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மனுஷன் மொழியை மறந்துவிட்டார்.

கதை நம் வீட்டுக் கதைதான். 77 வயசுக் கிழவர் ஒருவர், தயா. ஒரு கனவு கண்டு, எனக்கு நேரம் வந்துவிட்டது, காசிக்குப் போய்ச் சாகப்போகிறேன் என்கிறார். மகன் ராஜீவுக்கு ஆபீஸ் வேலையே கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் பெண் கல்யாணம் வேறு. வேறு வழியில்லாமல் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு கிளம்புகிறான். காசியில் சாகப்போகிறவர்கள் தங்குவதற்கென்றே இருக்கும் விடுதியில் இடம் பிடிக்கிறார்கள். இது கற்பனை இல்லை, காசியில் அப்படி உண்மையாகவே இருக்கிறது. படத்தில் அந்த விடுதி மேனேஜர் சட்டம் சொல்கிறான் பார்: பதினைந்து நாள்தான். அதற்குள் போய்ச் சேர்ந்தால் சரி, இல்லையென்றால் ரூமைக் காலி செய்யணும். அப்பா அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. பதினைந்து நாளில் சாகாவிட்டால்? வேறு பேரில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம்! விமலா என்று ஒரு பெரியம்மா அப்படியே பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கிறாள். புருஷனோடு வந்தவள், அவர் போய்விட்டார், அவளுக்கு இன்னும் வரவில்லை. சாயங்காலம் எல்லாக் கிழங்களும் கூடி உட்கார்ந்து டி.வி. சீரியல் பார்க்கிறார்கள். சாவுக்குக் காத்திருக்கிறவனுக்கும் நாளைக்கு எபிசோடில் என்ன ஆகும் என்று தெரிந்தாகவேண்டும்.

சுபாஷிஷ் பூட்டியானி என்று ஒருவர் எடுத்திருக்கிறார். 2016-ல் வெனிஸ் விழாவில் படத்தைக் காட்டியபோது அவருக்கு 25 வயசுதானாம். அந்த வயசில் நீயும் நானும் செகண்ட் ஷோவுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று நின்றவர்கள். மகனாக நடித்த ஆதில் ஹுசைனுக்கு இந்தப் படத்துக்காகவும் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அவர் அழுது நடிக்கவில்லை. எந்நேரமும் போன் வருகிறது, எந்நேரமும் சலித்துக்கொள்கிறார், சலித்துக்கொண்டே அப்பாவுக்கு எல்லாம் செய்கிறார். என்னைப் பார்த்தது போலவே இருந்தது, எனக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

படத்தில் ஒரு ராத்திரி கிழவருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போகிறது. இதுதான் கடைசி என்று இருவரும் நினைத்து, சின்ன வயசிலிருந்து அடக்கி வைத்ததைப் பேசிவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் மனுஷர் தேறி உட்கார்ந்திருக்கிறார்! அழுது மன்னிப்பும் கேட்டாகிவிட்டது, ஆள் போகவில்லை, இனி ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் எப்படி முழிப்பது? எத்தனையோ படத்தில் மரணப் படுக்கையில் சமாதானம் ஆவார்கள், அதோடு வணக்கம் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை காபியை இதில்தான் பார்த்தேன். முடிவை நான் சொல்லமாட்டேன், நீயே பார்.

அந்த ராத்திரிக் காட்சி வந்தபோது அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார்.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் படத்தின் மேல் ஒரு வருத்தம். "அப்பனும் மவனும் காசிக்குப் போய் சமாதானம் ஆயிட்டாங்க. இங்க வீட்டை, கல்யாண வேலையைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறாளே அந்த மருமவ, அவளுக்கு எந்த ஊருல முக்தி?" நானும் பையனும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பையன் இன்னொன்று சொன்னான். தயாவாக நடித்த லலித் பேல், 2021 ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டாராம். விமலாவாக நடித்த அம்மா, நவ்நிந்திர பேல், நிஜத்தில் அவருடைய மனைவி. அப்பா ரொம்ப நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தம்மாவால இந்தப் படத்தை இன்னொரு தரம் பாக்க முடியுமாடா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்.

தங்கச்சி விஷயம் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம். அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்பதைத் தவிர வேறு குற்றமில்லை. அம்மா காரியத்துக்கு வந்தவள் வாசலோடு போனாள். எல்லாரும் அப்பா பிடிவாதம் என்றுதான் சொல்வார்கள், நீயும் அப்படித்தான் எழுதினாய். ஆனால் அவள் முதல் வருஷம் போட்ட கடிதத்தைப் பிரிக்காமல் 'திருப்பி அனுப்பவும்' என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்தது என் கை. அப்பா சொன்னார், செய்தேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்று படம் பார்த்த அன்று ராத்திரி புரண்டு புரண்டு யோசித்தேன்.

ஒரு வாரம் கழித்து, நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, "அவ நம்பர் வச்சிருக்கியா?" என்றார். போட்டுக் கொடுத்தேன். மனுஷன் என்ன பேசப்போகிறாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. போனை வாயருகே வைத்து, வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்:

"திருச்சியில சின்ன வெங்காயம் என்ன வெல?"

அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் மெதுவாக, "அறுவதுப்பா."

"இங்க அம்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான். மன்னிப்பு, கண்ணீர் ஒன்றும் கிடையாது. அடுத்த நாள் அவளே கூப்பிட்டு, வெண்டைக்காய் விலை சொன்னாள்.

ஐப்பசி கடைசி நாள், காவிரியில் கடைமுக முழுக்குக்கு வருகிறேன் என்றாள். அப்பா விடிகாலையில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரவில்லை. மாப்பிள்ளைக்கு டியூட்டி மாற்றிவிட்டார்களாம். அன்று அப்பா யாரிடமும் பேசவில்லை, நோட்டைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள், தலை நரைத்து, அம்மா மாதிரியே.

"நேத்துன்னு சொன்னே?"

"லேட்டாயிடுச்சுப்பா."

"பரவால்ல. இன்னிக்கி முடவன் முழுக்கு. வா."

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் நானும் காவிரித் துலாக்கட்டத்துப் படியிலிருந்து குதித்தவர்கள்தானே. ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கதை உறைத்தது. ஐப்பசி முழுக்க காவிரியில் முழுகினால் புண்ணியம் என்று கேட்டு, கால் முடியாத ஒருத்தன் எங்கிருந்தோ தவழ்ந்து வருகிறான். வந்து சேர்வதற்குள் மாசம் முடிந்துபோயிற்று. அவனுக்காகக் கார்த்திகை ஒண்ணாம் தேதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார் மாயூரநாதர். காசி விடுதியில் மேனேஜர் வேறு பேரில் பதிந்துகொள் என்கிறான், இங்கே சாமியே காலண்டரை இழுத்துக் கொடுக்கிறார். சட்டத்தைப் போட்டவர்களுக்குத்தான் சந்தும் தெரிகிறது.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இருந்தது. அப்பாவால் இறங்க முடியாது, படியில் உட்காரவைத்தோம். தங்கச்சி சொம்பில் மொண்டு அவர் தலையில் ஊற்றினாள். "அய்யோ, ப்ரீசர் பெட்டியே தேவலாம்டி!" என்று கத்தினார். அந்தச் சொல்லுக்குத்தான் அவள் அழுதாள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் காபியில் சக்கரை குறைவு என்று அவளோடு சண்டை. நான் அந்தத் திருப்பி அனுப்பிய கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். "உன் கையெழுத்து எனக்குத் தெரியாதாண்ணே" என்றாள். இன்னும் என்னிடம் முழுசாகப் பேசவில்லை, பேசுவாள் என்று இருக்கிறேன்.

பொங்கலும் வந்து போய்விட்டது. அதில் அப்பாவுக்கு அவமானம். சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, கணக்குத் தப்பாகப் போட்ட பையன் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரி, "வேற பேருல பதிஞ்சுக்கலாமா மாமா?" என்றாள். இருமல் வரும்வரை சிரித்தார். இப்போது சித்திரை என்கிறார்.

உன் அண்ணனைப் பற்றி ஒன்றரை வரி எழுதி நிறுத்தியிருக்கிறாய். வீட்டுப் பாகப்பிரிவினையில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் நுழையவில்லை, நுழைந்தால் நீ எனக்கும் எழுதமாட்டாய். போன வாரம் கூறைநாட்டில் அவரைப் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறவில்லை, முட்டிவலியாம். அதைக் கேட்டேன், இதைக் கேட்டேன், கிளம்புகிற நேரத்தில், "ஓசூர்ல இப்ப குளிரு அதிகமோ?" என்றார். உன் பேரைச் சொல்லவில்லை. குளிரை மட்டும் கேட்டார்.

கடைசியாக நோட்டு விஷயம். 39-ஆம் பக்கத்தில் உன் பேர். 1982-ல், சும்மா ஒரு ராத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு நடந்தபோது, அப்பாவிடம் மூணு பேட்டரி டார்ச் வாங்கிப்போனாயாம். திரும்பி வரவில்லையாம். "அதை வாங்காம நான் போகமாட்டேன், எழுது அவனுக்கு" என்று நேற்றுகூடச் சொன்னார்.

பங்குனியில் வா. அண்ணனையும் போய்ப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன். டார்ச்சை மட்டும் மறந்துட்டு வா.

உன்
பழைய பெஞ்சுக்காரன்