பத்தில் ஒரு ஆள்: ஐஸ்கியூபில் உறுப்பாக உள்ள பல்கலைக்கழகத் துறைத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தென் துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகத்தில் (எதனோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைப் பனிக்குள் தேடும் கருவி) உங்கள் துறையும் பங்கேற்கிறது என்று மாணவர் சேர்க்கை நேரத்தில் பெருமையாகச் சொல்கிறீர்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பங்கேற்புக்காக நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பணிப் பட்டியலைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்? யார் எந்த வேலைக்கு ஆண்டில் எத்தனை பங்கு நேரம் தருகிறார், எத்தனை சிபியு (வழக்கமான கணினிச் செயலி), எத்தனை ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் வரைகலைச் செயலி) தருகிறோம் என்று வரிவரியாக இருக்கும் அதே தாள்தான். நான் அப்படி ஒரு குழுவில் உருவகப்படுத்தல் வேலையும் கணினித் தொகுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்த்துச் செய்பவன். அந்தத் தாளில் உள்ள ஆள் கணக்கும் கணினிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஐஸ்கியூப் கட்டி முடிந்தது 2010 டிசம்பரில். 86 வடங்களில் 5,160 ஒளியுணரிகள், 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் ஆழம் வரை, ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் உறைந்து கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து யாரும் பழுதுபார்க்கப் போவதில்லை. புதிதாக வடங்கள் சேர்ப்பது தனிக் கதை, பழைய உணரிகள் பழைய உணரிகள்தான். அப்படியென்றால் அவற்றிலிருந்து வரும் முடிவுகள் வருடா வருடம் துல்லியமாகிக்கொண்டே வந்தது எப்படி? அளவுத்திருத்தம், பனியின் ஒளியியல் மாதிரி, மென்பொருள், கணினி நேரம், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், அவ்வளவுதான்.

என்ஜிசி 1068 விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் வெளியான பத்தாண்டுத் தரவு ஆய்வில் அங்கிருந்து நியூட்ரினோ வருவதற்கான அறிகுறி 2.9 சிக்மா (தற்செயலாக வந்ததல்ல என்று எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு), 'இருக்கலாம்' என்ற அளவுதான். 2022இல் அது 4.2 சிக்மா ஆனது, சுமார் 79 நியூட்ரினோக்கள். நடுவில் உணரி எதையும் மாற்றவில்லை. பெருமளவு அதே ஆண்டுகளின் தரவை மேம்பட்ட அளவுத்திருத்தத்தோடு மறுபடி செயலாக்கி, திசையையும் ஆற்றலையும் கணிக்கும் முறைகளைச் சீர்செய்ததில்தான் இந்த வித்தியாசம் வந்தது. பதவி உயர்வுக் குழு உட்காரும்போது இந்த வேலையை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, 'சேவை' என்று ஒரு மூலையில் போடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கணினி நேரம் வேண்டும் என்று நிதிப்பிரிவில் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அந்தக் கருவி நொடிக்கு மூவாயிரம் தடவை போலத் தூண்டப்படுகிறது, அதில் கிட்டத்தட்ட எல்லாமே மேலே வளிமண்டலத்தில் அண்டக்கதிர் மோதி உண்டாகும் மியுவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்கள்). நியூட்ரினோ பத்து லட்சத்தில் ஒன்று தேறினால் அதிகம். அந்த ஒன்றை நம்புவதற்கு மற்றவை எப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் மியுவான் பொழிவுகளை மலைமலையாக உருவகப்படுத்துகிறோம். ஒரு ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுக்கே லட்சத்துக்கு மேல் செரன்கோவ் ஒளித்துகள்கள் (வேகமான துகள் பனியில் பாயும்போது வரும் நீல ஒளி) பிறக்கும். ஒரு பிஇவி (பத்து லட்சம் ஜிஇவி) நிகழ்வு என்றால் பத்தாயிரம் கோடி என்ற கணக்கு வரும். ஒவ்வொன்றும் பனியில் எங்கே சிதறுகிறது, எங்கே உறிஞ்சப்படுகிறது, இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தையொட்டி உள்ள தூசிப் படலத்தில் என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு துகளின் பாதைக்கும் இன்னொன்றின் பாதைக்கும் சம்பந்தமில்லை என்பதால் ஜிபியுவுக்கென்றே செய்துவைத்த வேலை இது. பனி மாதிரி மேம்பட்டால் இதையெல்லாம் திரும்ப ஓட்ட வேண்டும்.

2019 நவம்பரில் மூன்று பெரிய மேகக் கணினி நிறுவனங்களிடமிருந்து சுமார் 51,000 ஜிபியுக்களை ஒரே நேரத்தில் இந்த வேலைக்குச் சேர்த்து ஓட்டிக் காட்டினார்கள். அருமையான சோதனை. ஆனால் அது கல்யாண விருந்து, தினப்படி சோறு இல்லை. தினப்படி ஓடுவது விஸ்கான்சின்-மாடிசனில் உள்ள தொகுதியும், எச்டிகாண்டர் என்ற வேலைப் பகிர்வு மென்பொருள் வழியாக இணைந்திருக்கும் உங்களுடையதைப் போன்ற பல்கலைக்கழகத் தொகுதிகளும்தான்.

இங்கேதான் சிக்கல். பட்டியலில் ஜிபியு எண்ணிக்கையைப் போட்டுவிடுகிறோம், அதைப் பார்த்துக்கொள்ள ஆளைப் போடுவதில்லை. ஒரு கணுவில் (தொகுதியில் உள்ள ஒரு கணினியில்) ஜிபியு இயக்கி மென்பொருள் கெட்டுப்போனால் அங்கே போகும் வேலை சில நொடிகளில் செத்துவிடும். கணு உடனே காலியாகிவிடுவதால் வரிசையில் அடுத்த வேலையை இழுத்து அதையும் கொல்லும், அப்புறம் அடுத்தது. நாங்கள் அதைக் கருந்துளை என்போம். வெள்ளிக்கிழமை மாலை ஒன்று உருவாகி, பார்க்க ஆள் இல்லாவிட்டால், திங்கட்கிழமைக்குள் ஆயிரக்கணக்கான வேலைகள் தோல்விக் கணக்கில் ஏறியிருக்கும். கொடுத்த கணினி உதவியாக இல்லாமல் உபத்திரவமாக ஆவது இப்படித்தான்.

ஆள் பக்கம் இன்னும் மோசம். பட்டியலில் 0.1, 0.15 என்று ஆராய்ச்சி மாணவர்களைத் துண்டு துண்டாகப் போட்டுக் கூட்டினால் ஒன்றரை ஆள் வந்துவிடுகிறது. பத்தில் ஒரு ஆள் என்று யாரும் கிடையாது, சார். கண்காணிப்புப் பணி வாரம் வந்தால் எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒவ்வொரு எட்டு மணி நேரத் தரவுப் பதிவு ஓட்டத்தையும் திறந்து, எந்த உணரி விட்டுப்போயிருக்கிறது, எந்த வடத்தின் எண்ணிக்கை விகிதம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுகிறாள். ஆய்வேட்டு முன்னேற்றக் கூட்டத்தில் "இந்த மாதம் என்ன செய்தாய்" என்றால் அவளிடம் காட்ட வரைபடம் இல்லை. துருவத்தில் இரண்டே பேர் குளிர்காலம் முழுக்கத் தங்கி அந்தக் கணினிகளைக் காக்கிறார்கள், பிப்ரவரி நடுவிலிருந்து மாதக்கணக்கில் வழக்கமான விமானமே கிடையாது. வடக்கே வசதியாக உட்கார்ந்திருக்கும் நாம் ஒரு முழு ஆளைக் கொடுக்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

2017 செப்டம்பர் 22 அன்று ஒரு நியூட்ரினோ வந்த 43 நொடிகளில் உலகம் முழுக்கத் தொலைநோக்கிகளுக்கு அறிவிப்பு போனதும், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசர் (மையக் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கித் தாரை வீசும் விண்மீன் மண்டலம்) அகப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்த 43 நொடியைச் சாத்தியமாக்கிய நிரலை எழுதிப் பராமரித்தவர்களில் எத்தனை பேருக்கு அதனால் நிரந்தர வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பட்டியல் போவதற்கு முன் கணினிக்கு ஒரு முழுநேரப் பணியிடத்தைப் போடுங்கள், வருடா வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தமாக வேண்டாம். அதற்குப் பணம் இல்லையென்றால் சரி, ஜிபியு எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மாணவர்களின் கண்காணிப்பு வாரங்களும் அளவுத்திருத்த வேலையும் ஆய்வேட்டுக் குழுவின் படிவத்தில் தனி வரியாக வரட்டும். தோல்வியடைந்த வேலைகளின் பதிவுகள் என்னிடம் மாதவாரியாக இருக்கின்றன. கூட்டத்துக்கு நாள் சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.