பந்து விழும் நேரத்தில் கால்டன் குன்றில் இருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் பற்றி சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மகள் அங்கே வசிப்பதால் போன கோடையில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். கட்டுரையாளர் கால்டன் குன்றை இரண்டே வரியில் முடித்துவிட்டார். சாயங்காலம் ஏறி, தூண்களோடு படம் எடுத்துக்கொண்டு, அரை மணியில் இறங்கிவிடலாமாம். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

குன்று 103 மீட்டர்தான். மூட்டுவலி உள்ள நானே நின்று நின்று ஏறினேன். மேலே போனால் மேற்கே கோட்டை, தெற்கே அணைந்துபோன எரிமலையான ஆர்தர்ஸ் சீட், வடக்கே லீத் துறைமுகமும் கடலும். ஆனால் போக வேண்டிய நேரம் சாயங்காலம் அல்ல, பகல் ஒரு மணி.

அங்குள்ள, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவுக் கோபுரத்தின் உச்சியில் ஒரு கம்பம், அதில் ஒரு பெரிய பந்து. ஒரு மணிக்குச் சற்று முன்னால் அதை மேலே ஏற்றி, சரியாக ஒன்றுக்கு விழவிடுவார்கள். 1850களில் தொடங்கிய வழக்கம் இது. லீத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் இதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட அந்தக் கடிகாரமே துணை. நாலு நிமிஷம் பிசகினால் கணக்கு ஒரு பாகை பிசகிவிடும். கடல்மூடுபனி இறங்கிய நாட்களில் பந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் 1861 முதல் கோட்டையிலிருந்து அதே ஒரு மணிக்குப் பீரங்கியும் சுடுகிறார்கள்.

ஏழு வயதுப் பேத்தியோடு கோபுரத்தடியில் நின்றேன். பந்து சரேலென்று இறங்கியது. "பாட்டி, பந்து விழுந்துடுச்சு, வெடி எங்கே?" என்றாள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நான்கு என்று வாயெடுக்கும்போது டமார் என்றது! கோட்டை அங்கிருந்து சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். ஒலி வந்துசேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மின்னலையும் இடியையும் சொல்லி முப்பது வருஷம் வகுப்பில் நடத்திய பாடம் கண்ணெதிரே நடந்தது. சிலிர்த்துப்போய் நின்றேன். வெடிச்சத்தம் எந்த இடத்துக்கு எத்தனை விநாடி தாமதமாக வரும் என்று வட்டம் வட்டமாகக் காட்டும் வரைபடமே அந்தக் காலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

தூண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெப்போலியன் போர்களில் இறந்த ஸ்காட்லாந்து வீரர்களுக்காக ஏதென்ஸின் பழங்கோயிலான பார்த்தினானைப் போலவே ஒரு நினைவுச்சின்னத்தை எழுப்ப 1826இல் தொடங்கினார்கள். 1829இல் பணம் தீர்ந்தது. 12 தூண்களோடு நின்றுவிட்டது. பெரிய கற்களை மேலேற்ற 12 குதிரைகளும் 70 ஆட்களும் வேண்டியிருந்ததாம். 'எடின்பரோவின் அவமானம்' என்ற பழைய பட்டப்பெயரைக் கட்டுரையும் திருப்பிச் சொல்கிறது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அடிப்பீடம் அத்தனை உயரம்; முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறார்கள். 1724இலேயே நகரசபை விலைக்கு வாங்கிய குன்று இது. ஜனங்கள் காலாற நடக்க இங்கே பாதை வேண்டும் என்று கேட்டவர் தத்துவஞானி டேவிட் ஹியூம். அவர் கல்லறையும் பக்கத்து இடுகாட்டிலேயே இருக்கிறது.

இனிப் போகிற வாசகர்களுக்காக இதையும் சேர்த்துப் போடுங்கள்: பன்னிரண்டரைக்கே மேலே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று பீரங்கி கிடையாது. காற்று பலமாக அடித்தால் பந்தை ஏற்ற மாட்டார்கள்; இன்னொரு நாள் போங்கள். எண்ணத் தெரிந்த குழந்தை வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்