தண்ணீர் ஊற்றாத பொதுமக்களில் ஒருவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நகரங்களைக் குளிர்விக்க மரம் நடுவது பற்றி அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படம் நன்றாக இருந்தது. ஆனால் ஏழாவது பத்தியில், பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி ஒருவர், “கன்றை நட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற பொதுமக்களுக்குத்தான் அக்கறை இல்லை” என்று சொன்னதாக வந்திருக்கிறது. உங்கள் நிருபர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மதியத் தூக்கம் போய்விட்டது.

அக்கறை இல்லாத அந்தப் பொதுமக்களில் நானும் ஒருவன். வயது 67. சென்னையின் தெற்குப் புறநகரில் 34 வருடம் தபால்காரனாக இருந்தவன். காலை பத்து மணிக்குப் பையை எடுத்தால் இரண்டு மணி வரை வெயிலில்தான் பிழைப்பு. எந்தத் தெருவில் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு நிழல் விழும், எந்த வேப்ப மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக் கடிதங்களைப் பிரிக்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மரநிழலில் இருக்கும் தரை, வெயிலில் காயும் தரையைவிட 11 முதல் 25 டிகிரி வரை சூடு குறைவாக இருக்கும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறதாம். எனக்கு அதை ரப்பர் செருப்பே சொல்லிவிட்டது. ஒரு மே மாதம் தார் ரோட்டில் அடி ஒட்டிக்கொண்டு வார் பிய்ந்தது.

சரி, அதிகாரி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஜூன் 5-ந் தேதி எங்கள் தெருவில் 40 கன்றுகள் நட்டார்கள். பந்தல், மைக், போட்டோ எல்லாம் இருந்தது. குழி ஒன்றரை அடிகூட இல்லை. தோண்டியபோது வந்த கட்டட இடிபாட்டையே திரும்பப் போட்டு மூடினார்கள். பத்துப் பன்னிரண்டு கன்றுகளை நேராக மின்கம்பிக்குக் கீழே வைத்தார்கள். அவை பிழைத்து வளர்ந்திருந்தாலும் வருடா வருடம் தலையை வெட்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கூண்டு. கூண்டில் தொங்கிய பெயர்ப் பலகை கன்றைவிட அகலம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் ஊருக்கு மழை எப்போது வருகிறது, ஐயா? தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு. நமக்கு வடகிழக்குதான், ஐப்பசி கார்த்திகையில். ஐப்பசியில் நட்டால் பாதித் தண்ணீரை வானமே ஊற்றிவிடும். கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆன கொதியில் கன்றை நட்டுவிட்டு அதற்கு யாருக்கும் அக்கறை இல்லை என்றால், காலண்டர் பார்க்கத் தெரியாதது யார் குற்றம்?

லாரித் தண்ணீர் மூன்று வாரம் வந்தது. நாலாவது வாரம் வரவில்லை. விசாரிக்கப் போனால், ‘ஒப்பந்தத்தில் நடுவது மட்டும்தான் இருக்கிறது, பராமரிப்புக்கு ஃபண்ட் இல்லை’ என்றார்கள். அதைச் சொன்னவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி மோர் கூடக் கொடுத்தார். அப்புறம் நானும், முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாவும், காலையில் ஆளுக்கு நாலு வாளி என்று எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சுமந்தோம். எங்கள் தெருவில் கோடையில் குடிதண்ணீரே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் படுத்தேன், அந்த அம்மா நிறுத்தவில்லை. இன்று அந்த நாற்பதில் உயிரோடு இருப்பது ஆறு. நாலு புங்கன், ஒரு பூவரசு, ஒரு நாவல். ஆறுமே எங்கள் வாளிக்கு எட்டிய தூரத்தில் இருப்பவை. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்கு அக்கறை இல்லை என்று பேப்பரில் வந்திருப்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அரசாங்கத்தில் பணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காடு அழித்தவர்கள் கட்டும் ஈட்டுத் தொகைக்கென்று 2016-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2020-ல் மத்திய அரசு நகர்வனத் திட்டம் கொண்டுவந்தது. 2022-ல் நம் மாநிலம் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, காட்டையும் மரத்தையும் சேர்த்துப் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்குவோம் என்றது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலில் சுருண்டு செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் எல்லா அறிக்கையிலும் ‘இத்தனை லட்சம் கன்றுகள் நடப்பட்டன’ என்றுதான் வருகிறது. மூன்று வருடம் கழித்து எத்தனை நிற்கின்றன என்று ஒரு வரி தேடிப் பார்க்கிறேன், கண்ணில் படவில்லை. தபால்காரன் பையோடு ஆபீஸை விட்டுக் கிளம்பியதையே பட்டுவாடா என்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை, மியாவாக்கி காடு. சின்ன இடத்தில் கன்றுகளை நெருக்கி நட்டுக் காடாக்கும் ஜப்பானியத் தாவரவியலாளர் முறை, குறை சொல்லமாட்டேன். குப்பை கொட்டிக் கிடந்த இடம் பச்சையானால் நல்லதுதான், குருவி வருகிறது. ஆனால் எங்கள் பகுதியில் அதற்கு வேலி போட்டுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். நாலைந்து கிரவுண்டுக்குள் ஆயிரக்கணக்கில் கன்றுகளை நெருக்கி வைத்தால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும், சந்தோஷம். அதன் நிழல் அதன் மேலேயே விழுகிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கர்ப்பிணிக்கு அதனால் என்ன? எங்கள் பெரிய ரோட்டின் நடுத்திட்டில் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வைத்த கதை தனி. ஆடு தின்னாது, வாடாது என்று வரிசையாக வைத்தார்கள். பிறகு அரசே அதை நடக்கூடாது என்று தடை போட்டது. வைத்ததற்கு ஒரு செலவு, பிடுங்க இன்னொரு செலவு.

இருக்கிற நிழலுக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் மதிப்பில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரம் முழுக்க மரங்களைச் சாய்த்துப்போட்ட அன்றுகூட இரண்டு கிளைதான் ஒடிந்தது. நான்கு ஆட்டோ, ஒரு இஸ்திரி வண்டி, நான், எல்லோருக்கும் அதுதான் கூரை. மழைநீர் வடிகால் தோண்டியவர்கள் ஒரு பக்க வேரை மொத்தமாக அறுத்தார்கள். அடுத்த மழையில் மரம் சாய்ந்தது. சாய்ந்த மரம் ஆபத்து என்று வெட்டினார்கள். ஒன்றுக்குப் பத்து நட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. எங்கே என்று கேட்டால், 11 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரிக்கரையில். நிழலுக்கு ஒதுங்க வேண்டுமானால் நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த அம்மாவின் வண்டி இப்போது வெட்டவெளியில் நிற்கிறது. மேலே வெயில், கையில் கரிப் பெட்டி.

அந்த மரத்துக்காக அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் எட்டு வரியாகச் சுருக்கி, ‘மரமும் தேவை, வடிகாலும் தேவை’ என்று தலைப்பு கொடுத்தீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வடிகாலை ஓர் அடி வளைத்துத் தோண்டியிருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தேன். பரவாயில்லை, இடப் பற்றாக்குறை எல்லோருக்கும் இருக்கிறது, மரங்களுக்கும்.

ஞாயிறு கட்டுரையில் சொல்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் கொடுக்கப் போனபோதெல்லாம் நான் பார்த்தது, பங்களாக்கள் இருக்கிற அகலமான ரோடுகளில் இரண்டு பக்கமும் வாகையும் புங்கனும் கைகோத்து நிற்கும். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக நெருக்கியடித்த சந்துகளில் ஒரு முருங்கைதான் மரம். வெயில் அதிகம் காய்வது இரண்டாவது இடத்தில். ராத்திரி பத்து மணிக்கும் அங்கே சுவர் சுடும். ஐரோப்பாவில் 93 நகரங்களை ஆராய்ந்து 2023-ல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மரங்களின் கவிகை, அதாவது கிளையும் இலையும் விரிந்து மூடும் பரப்பு, நகரப் பரப்பில் 30 சதவீதம் ஆனால், நகரச் சூட்டால் கோடையில் நேரும் சாவுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கிட்டது தலைக்கு மேல் விரிந்து நிற்கும் கிளைகளை. நாம் கணக்கிடுவது குழிகளை. ஏற்கெனவே பச்சையாக இருக்கிற ரோட்டிலேயே மேலும் பத்துக் கன்று வைத்தாலும் நம் கணக்கில் பத்துதான்.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். கேட்பது கொஞ்சம்தான். பிழைத்த நாலு புங்கனில் மூன்றைச் சுற்றி, போன மாதம் நடைபாதைக் கல் பதித்தவர்கள் தண்டு வரை சிமென்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் இருக்கக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-லேயே உத்தரவு போட்டது. அது இங்கே வந்து சேர இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. தபாலில் அனுப்பியிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அந்த மூன்று மரத்தடியிலும் சிமென்ட்டை உடைத்துவிடச் சொல்லி உங்கள் பத்திரிகையில் நாலு வரி போட்டால் போதும். நானே உடைத்துவிடலாம் என்றால், அரசுச் சொத்துக்குச் சேதம் என்று வழக்கு வரும் என்கிறான் மகன்.

அப்படியே முடிந்தால், அந்த ஏழாவது பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த நிருபரை ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். காரில் வேண்டாம், நடந்து வரட்டும். இஸ்திரி அம்மாவை நான் அறிமுகம் செய்து வைக்கிறேன். இந்த முறை கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் என்னைப் பற்றி எழுதியதை வெட்டுங்கள், அவரைப் பற்றி எழுதியதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
உங்கள் 29 ஆண்டு வாசகர்