ஏற்காட்டு லென்ஸை வாங்கலாமா?

தண்டையார்பேட்டை,
மே மாதம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் சந்தோஷம். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விடாதே. மற்றதைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் அந்த ஏற்காட்டுப் பெரியவர் விற்கிற நிக்கோரை (நிக்கான் கம்பெனி லென்ஸ்) வாங்கலாமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். 13.5 சென்டிமீட்டர், அதாவது 135 எம்எம் டெலி லென்ஸ், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுவது; எஃப் 3.5 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வாங்கும்), கண்ணாடி சுத்தம், தோல் உறையோடு. கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பணத்தைக் கொடுத்துவிடாதே, கொஞ்சம் பொறு.

உன்னிடம் இருப்பது சோவியத் கேமராவான கியெவ். அது ஜெர்மனியின் கான்டாக்ஸை அப்படியே வைத்துச் செய்தது. நிக்கானின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் (இரண்டு ஜன்னல் வழியே வருகிற பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் பார்க்கிற வகை) கான்டாக்ஸின் மவுண்ட்டைத்தான், லென்ஸ் மாட்டுகிற வாயைத்தான், எடுத்துக்கொண்டது. அதனால் நிக்கான் லென்ஸ் உன் கேமராவில் அழகாகப் பொருந்தும், ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். வம்பே அங்கேதான். வெளியே பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஃபோகஸ் கணக்கு வேறு. கான்டாக்ஸ் தன் 50 எம்எம் லென்ஸின் நிஜக் குவியத் தூரத்தை ஒரு விதமாக வைத்துக்கொண்டது, நிக்கானோ லைக்காவின் கணக்கான 51.6 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டது. 35 எம்எம், 28 எம்எம் என்றால் இந்த வித்தியாசம் படத்தில் தெரியாது. 135-இல் தெரியும். தூரத்துக் கோபுரம் துல்லியமாக விழும், ஆள் பக்கத்தில் வரவர ஃபோகஸ் நழுவும். கியெவில் ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே 90 மில்லிமீட்டர் இடைவெளி. என் கேனான் பி கேமராவில் வெறும் 41. இடைவெளி கூடக்கூடத் துல்லியம் கூடும். டெலி லென்ஸுக்கு உன்னுடையதைவிடத் துல்லியமான கேமரா கிடைப்பது அரிது. என்ன பிரயோஜனம், அது சரியாகச் சொல்வதை இந்த லென்ஸ் வேறு மாதிரி புரிந்துகொள்ளும்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. கான்டாக்ஸ்காரர்களுக்கென்றே நிக்கான் தனியாகக் கொஞ்சம் லென்ஸ்கள் செய்தது. அவற்றின் உடலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். பெரியவரிடம் அதைப் பார்க்கச் சொல். இருந்தால் தயங்காமல் வாங்கு. இல்லையென்றால் உன் கியெவுக்கு ரஷ்ய ஜூபிடர்-11 போதும். அதுவும் 135 எம்எம்தான், எஃப் 4, விலையும் பாதகமில்லை. எதை வாங்கினாலும் மேலே மாட்டுகிற தனி வியூஃபைண்டர் ஒன்று தேவைப்படும், கியெவின் பார்க்கிற ஜன்னலில் 135-க்குப் படத்தின் எல்லையைக் காட்டுகிற கோடு கிடையாதே.

‘ஜப்பான் லென்ஸ் மேல் உனக்கு எப்படி இவ்வளவு பைத்தியம்?’ என்று கேட்டிருந்தாய். என் மச்சான் கப்பலில் இருந்தபோது யோகோஹாமாவிலிருந்து கொண்டுவந்த 10.5 சென்டிமீட்டர், எஃப் 2.5 நிக்கோர்தான் காரணம், உனக்குத் தெரியாததா. ஆனால் உலகத்துக்கே அந்தப் பைத்தியம் பிடித்தது 1950-இல். அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிகி என்ற இளம் புகைப்படக்காரர் அவரை 8.5 சென்டிமீட்டர் நிக்கோரில் படம் எடுத்துக் காட்டினார். படத்தின் துல்லியத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்ட டங்கன், லென்ஸ் செய்கிற தொழிற்சாலைக்கே போய்விட்டார். அப்புறம் கொரியப் போருக்குத் தன் லைக்காவில் நிக்கோர் லென்ஸ்களை மாட்டிக்கொண்டு போனார். அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியது. தோற்றுப்போன நாட்டுச் சரக்கு என்று யாரும் சீண்டாமல் இருந்த லென்ஸுக்கு ஒரே நாளில் கிராக்கி. அந்தக் காலத்து லென்ஸ் சிலவற்றில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 1952-இல் அமெரிக்க ஆட்சி முடிந்ததும் அந்த வாசகமும் போய்விட்டது. அந்த ஒரு வரிக்காகவே இன்றைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. பொறித்த எழுத்து படத்தில் விழாது.

நிக்கோர் 85 எம்எம் எஃப் 1.5, ஸூனோ 100 எம்எம் எஃப் 2 என்று அலமாரிக்காகவே வாங்குகிற வகையும் உண்டு. வாங்கியவர் விரலால் தொடக்கூடப் பயப்படுகிற லென்ஸ் எனக்கு எதற்கு? 135 எம்எம்மைத் தாண்டி 180, அதற்கு மேல் என்று போனாலோ ரேஞ்ச்ஃபைண்டர் கைவிரித்துவிடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒன்று வைத்த பெட்டியை மாட்டி, எஸ்எல்ஆர் கேமரா மாதிரி லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு எஸ்எல்ஆரையே தூக்கிக்கொண்டு போகலாம்.

இப்போது நான் அதிகம் எடுத்துப்போவது எது தெரியுமா? கேனான் 100 எம்எம் எஃப் 3.5. ஆமாம், நீ ‘பொம்மை லென்ஸ்’ என்று சிரித்தாயே, அதேதான். எடை 200 கிராமை ஒட்டித்தான், மச்சான் கொடுத்த 10.5 நிக்கோர் அரைக் கிலோ. கேனான் பி-யின் பார்க்கிற ஜன்னலிலேயே 100-க்குக் கோடு இருக்கிறது, தனி ஃபைண்டர் வேண்டாம்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் இடித்துக்கொண்டு கரையில் நிற்கின்றன. ஏலச் சத்தம் அடங்கிக் கிடக்கிறது. வலை பழுது பார்ப்பவர்கள்தான் படகு நிழலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் வலையின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணிக்குள் விட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்கப் பேரனின் பள்ளிக்கூடக் கட்டணம் பற்றி, கை மட்டும் நிற்கவில்லை. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து எடுத்தேன். அந்தத் தூரத்தில் நிக்கோரை 2.5-இல் முழுசாகத் திறந்தால் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழம்தான். ஊசி விழும், முகம் கரைந்துவிடும். கேனானை 3.5-இல் வைத்தாலே எட்டு சென்டிமீட்டர், 5.6-க்குக் குறைத்தால் கையும் முகமும் ஓரளவு சேர்ந்து வரும். வெயிலில் எப்படியும் 5.6-க்குத்தான் குறைக்கப்போகிறோம், அதற்கு ஏன் அரைக் கிலோவைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்?

ஆனாலும் நிக்கோரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தடை முடிந்து விடிவதற்கு முன்னால் ஏலம் தொடங்கும்போது, விளக்கு வெளிச்சத்தில் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு விலை பேசுகிற அக்காமார் முகங்களுக்கு அந்த 2.5 இல்லாமல் முடியாது. பின்னால் இருக்கிற விளக்குகள் எல்லாம் மெதுவாக உருண்டு நிற்கும், முகத் தோல் மட்டும் தோலாகவே இருக்கும். 105 எஃப் 2.5 என்ற அளவையே நிக்கான் பிறகு எஸ்எல்ஆருக்கும் கொண்டுபோனது. ஸ்டீவ் மெக்கரியின் பச்சைக் கண் ஆப்கன் பெண் படம் இருக்கிறதே, அதுவும் 105 எஃப் 2.5-இல் எடுத்ததுதான். அதற்குள் உள்ளே கண்ணாடி அமைப்பு மாறிவிட்டது என்பது வேறு விஷயம்.

எனக்கு இங்கே பெரிய எதிரி பூஞ்சைதான். கடல்காற்று ஜன்னல் வழியே நேராக வீட்டுக்குள் வருகிறது. ஜப்பானிலிருந்து வந்த தோல் உறைகளை எல்லாம் பரணில் போட்டுவிட்டேன், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸைத் தின்பதே அவைதான். பெரிய காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். ரோஸ் நிறமானால் வாணலியில் மிதமான தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். சமையல் வாணலியில் இல்லை, அதற்கென்று ஒரு பழைய வாணலி. உன் தங்கை அதைத் தொடவே மாட்டாள். ஃபிலிம் கழுவுவதும் இந்த மாதத்தில் பாடுதான். ஃபிலிம் கழுவுகிற டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், நம்ம குழாயில் வருவதோ வெந்நீர். டப்பாவைச் சுற்றி ஐஸ் போட்டுக்கொண்டுதான் வேலை நடக்கிறது. சேலத்தில் பூஞ்சைக் கவலையாவது உனக்குக் குறைவு.

வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருவொற்றியூரில் ஒரு வரன் வந்திருக்கிறது, பையன் துறைமுகத்தில் வேலை. ஆவணியில் முடிவாகலாம். முடிவானால் குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போ. எழும்பூரில் இறங்கினால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். இப்போது விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ இருக்கிறது, முன்னே மாதிரி ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஏற்காட்டுக்குப் போகும்போது கையில் ஒரு நல்ல டார்ச் எடுத்துப் போ. அபெர்ச்சரை, வெளிச்சம் நுழைகிற துவாரத்தை, முழுசாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பார். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் எண்ணெய்த் துளி மாதிரி பளபளத்தால், ஒட்டிய கண்ணாடிகள் விட்டுக்கொண்டிருக்கின்றன, அதை விட்டுவிடு. அந்தத் துவாரத்தைச் சுருக்குகிற பிளேடில் எண்ணெய் இருந்தால் விலையைக் குறைத்துக் கேள், சுத்தம் செய்துவிடலாம். எல்லாம் நன்றாக இருந்து ‘சி’ மட்டும் இல்லையென்றால், உன் மகனிடம் சோனி மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா இருக்கிறதே, அதற்கு அடாப்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். திரையில் பார்த்து ஃபோகஸ் செய்யும்போது இந்த லைக்கா, கான்டாக்ஸ் சண்டையே கிடையாது. கியெவுக்கு என்றுமட்டும் வாங்காதே.

அன்புடன்,
தனசேகர்

பி.கு.: தோல் உறைக்கென்று தனியாக விலை சொன்னால் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிடு.