ஓடும்போதா, நின்ன பிறகா? காவலர் தேர்வுப் பயிற்சி மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் விடியற்காலையில் விசிலோடு வந்து நிற்கும் மாஸ்டர்களுக்கு, வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் பயிற்சி எடுத்தவன் நான். யார், எந்த மைதானம் என்பதெல்லாம் வேண்டாம். ஆளைச் சொல்லி மானத்தை வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் மூணே முக்கால் சுற்று. இந்தக் கணக்கு உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். எனக்கு மூன்றாவது சுற்றில் படபடப்பு வரும்.

ஓடினால் நெஞ்சு அடிக்காதா என்பீர்கள். அடிக்கும். 22 வயதுக்காரன் முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 190-ஐத் தாண்டுவதுகூட இயல்புதான். ஆனால் அது படிப்படியாக ஏறும், நின்றால் படிப்படியாக இறங்கும். எனக்கு வந்ததோ ஸ்விட்ச் போட்ட மாதிரி. தொண்டைக்குழியில் ஏதோ ஒன்று துள்ளும், அடுத்த நொடியே எண்ண முடியாத துடிப்பு. கண்ணோரம் இருட்டிக்கொண்டு வரும், டிராக்கின் வெள்ளைக்கோடு மட்டும் மிச்சமிருக்கும். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனாலும் அடங்காது. அடங்குவதும் சட்டென்றுதான். மாஸ்டரிடம் சொன்னேன். "நடிக்காதடா, இன்னொரு ரவுண்டு போ, சரியாயிடும்" என்றார். போனேன்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நானே மறைத்தேன். மெடிக்கலில் கழித்துவிடுவார்கள் என்ற பயம். கொலுசுப் பட்டறையில் அம்மா வாங்கிய கூலியில் கட்டிய ஃபீஸ் வேறு. இப்படி வாயை மூடிக்கொண்டு ஓடுகிறவர்கள் இன்றைக்கும் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள்.

ஏற்காடு அடிவாரத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஏற்றம் ஓடுவோம். முதல் கொண்டை ஊசி வளைவு வருமுன்னே தடுப்புச்சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். "மலைக்காத்து ஒத்துக்கல" என்றான் ஒருத்தன். அடிவாரத்தில் ஏது மலைக்காற்று! டீக்கடை அக்காதான் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது களைப்பு இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று விரட்டினார்.

ஈசிஜி எடுக்கும்போது படபடப்பு நின்றிருந்தது. ஆனாலும் காகிதம் காட்டிக்கொடுத்தது. கோடு நெட்டுக்குத்தாக எழும்ப வேண்டிய இடத்தில், அடியில் ஒரு சின்னச் சரிவு, வாசற்படியில் வண்டி ஏற்றச் சாய்தளம் போட்டது போல. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருந்திருக்கிறது. மின்சாரம் அதற்குள் புகுந்து சுற்றிச்சுற்றி ஓடியதுதான் அந்தத் துடிப்பு. வுல்ஃப் பார்க்கின்சன் ஒயிட் என்று பெயர் சொன்னார்கள். தொடையில் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்த வழியைச் சுட்டு அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை.

எனக்குத் தப்பியது. இதே அறிகுறியோடு வரும் வேறு சில கோளாறுகள் அவ்வளவு இரக்கம் காட்டாது. இதயத்தசை தடித்துப்போகும் நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. கேமரூன் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று ஆட்டத்தின் நடுவே சாய்ந்து இறந்தார். வயது 28. பிரேதப் பரிசோதனையில்தான் இந்த நோய் தெரிந்தது.

உங்களிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. தலைசுற்றுகிறது என்று யாராவது வந்தால், "ஓடும்போதா, நின்ன பிறகா?" என்று கேளுங்கள்.

ஓடி முடித்துச் சட்டென்று நின்றால் காலில் இரத்தம் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், கிறுகிறுக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நிற்காமல் இரண்டு நிமிடம் நடக்கவைத்தால் வராமலே போகும். வெறும் வயிற்றில் ஒரு கடுங்காப்பி, முந்தின நாள் வெயிலில் தண்ணீர் குடிக்காதது, இரத்தசோகை எல்லாமும் சேரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 400 மீட்டர் ஓடும் தங்கச்சிகள் மூச்சுவாங்கினால் சோம்பேறி என்று திட்டுமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தின் நடுவே மயக்கம், படபடப்போடு கண் இருட்டல், நெஞ்சுவலி என்றால் கதை வேறு. அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஈசிஜியும் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஓடட்டும். காய்ச்சலோடும் ஓடவிடாதீர்கள். சில வைரஸ்கள் இதயத்தசையையே வீங்கவைக்கும்.

சேர்க்கும்போது இன்னொன்றும் விசாரியுங்கள்: வீட்டில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று போனார்களா? "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த மாமா கிணற்றில் போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அந்தச் சாவுகளுக்குப் பின்னாலும் பரம்பரையாக வரும் இதயக்கோளாறு இருந்திருக்கலாம்.

இத்தாலியில் போட்டியில் இறங்கும் விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜி பார்ப்பதை 1982-லேயே கட்டாயமாக்கினார்கள். எல்லாக் கோளாறும் அதில் தெரிந்துவிடாது, உண்மைதான். என்னுடையது தெரிந்தது. ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும், ஒரு பேட்ச் முழுவதையும் பார்த்துவிடலாம்.

யாராவது மைதானத்தில் விழுந்தால் உடனே சாவிக்கொத்தைத் தேடுகிறோம், சோடாவை முகத்தில் அடிக்கிறோம். இதயம் நின்றவுடன் கைகால் வெட்டி இழுக்கலாம், பார்க்க வலிப்பு போலவே இருக்கும். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் சாவியைப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வண்டி வரும்வரை. நெஞ்சை யாரும் அழுத்தாமல் விட்டால், ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம் மைதானங்களில் அதை வைக்கச் சொல்லி நீங்கள் மனு கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இன்னும் அடிவாரத்தில் ஓடுகிறேன். டாக்டர் சம்மதத்தோடுதான். ஆறரை மணிக்கு அக்கா கடையில் இருப்பேன். உங்கள் பையன்களில் யாராவது உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய பேட்ச் பையன் ஒருவன்,
அஸ்தம்பட்டி, சேலம்