தொழில் நிறுவனத் தலைவர்களுக்குத் தரப் பிரிவினரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். மாதாந்திரக் கூட்டத்தில் எங்களிடம் நீங்கள் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி: "இந்த மாதம் ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதம்?" அந்த எண்ணைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று செய்முறையைச் சீராக்குவது, இன்னொன்று ஆய்வுக்கு எடுக்கும் சாம்பிளைக் குறைத்துக்கொள்வது. இரண்டாவதற்குச் செலவே கிடையாது. அதனால்தான் கேள்வியை மாற்றச் சொல்கிறோம்.

முதலில் இறுதி ஆய்வின் கணக்கு. ஆயிரம் உருப்படி கொண்ட லாட்டில் (ஒன்றாக அனுப்பும் தொகுப்பில்) 5 சதவீதம் பழுது என்று வையுங்கள். பத்தை எடுத்துப் பார்த்து, பத்தும் சரியாக இருந்தால் அனுப்பிவிடுவது நடைமுறை. இந்த லாட் பிடிபடாமல் வெளியே போக ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நூற்றில் 95 முறையாவது பிடிபட வேண்டுமென்றால் 60 உருப்படிகளைப் பார்க்க வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது யார் 60 பார்ப்பார்கள்?

அளவுக் கருவியைப் பற்றி நீங்கள் கேட்டதே இல்லை. காலிபரேஷன் (கருவியின் துல்லியத்தைச் சரிபார்த்த) ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும் என்று நினைக்கிறோம். கருவி சரியாக இருந்தும் அளப்பவரைப் பொறுத்து அளவு கைக்குக் கை மாறலாம். பத்து உருப்படி, மூன்று ஆபரேட்டர், ஆளுக்கு இரண்டு முறை, எந்த உருப்படி என்று தெரியாமல் கலைத்துக் கொடுத்து அளக்கச் செய்யுங்கள். கிடைக்கும் 60 அளவுகளில் அளவீட்டால் மட்டும் வரும் சிதறல் மொத்தச் சிதறலில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து எடுக்கும் எந்த முடிவும் செல்லாது. சூடும் ஏமாற்றும்: 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு ஷாஃப்டை, அறையைவிட 40 டிகிரி சூடாக இருக்கும்போது அளந்தால் சுமார் 9 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம், 20 மைக்ரான் என்றால் பாதியை அந்தச் சூடே தின்றுவிடும்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது இயந்திரத்தின் அமைப்பில் செய்யும் அளவுத் திருத்தம். ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, எவ்வளவு விலகியதோ அவ்வளவையும் எதிர்த்திசையில் திருத்தும் ஆபரேட்டரை நாம் பொறுப்பானவர் என்று பாராட்டுகிறோம். சீராக ஓடும் இயந்திரத்தில் அவர் செய்வது கெடுதல். போன உருப்படியின் தற்செயலான விலகலை அடுத்ததன் மேல் ஏற்றிவிடுகிறார். அடுத்ததற்கு அதன் சொந்த விலகலும் இருக்கும். இரண்டும் சேர்ந்து திட்ட விலக்கம் (சிதறலைக் காட்டும் அளவு) 41 சதவீதம் கூடுகிறது. எப்போது கை வைக்க வேண்டும், எப்போது வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தார். மணிக்கு ஒருமுறை தொடர்ச்சியாக ஐந்து உருப்படி எடுங்கள். அவற்றின் சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தையும் குறியுங்கள். 25 குழு சேர்ந்ததும் வித்தியாசங்களின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் கோடு போடுங்கள். புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, எட்டுப் புள்ளிகள் ஒரே பக்கம் வரிசையாக நின்றாலோ காரணத்தைத் தேடுங்கள். மற்ற நேரத்தில் கை வைக்க வேண்டாம். அந்தக் கோடுகள் டாலரன்ஸ் அல்ல. டாலரன்ஸை அதே தாளில் வரைந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து தடுங்கள்.

சேவைப் பிரிவில் ஏமாற்றுவது சராசரி. ஒன்பது புகாருக்குப் பத்து நிமிடத்தில் பதில், ஒன்றுக்கு ஐந்து மணி நேரம் என்றால் சராசரி 39 நிமிடம் என்று அறிக்கை வரும். அந்த 39 நிமிடம் எந்த வாடிக்கையாளருக்கும் நேர்ந்ததல்ல. பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை நிமிடத்துக்குள் பதில் போயிற்று, மிக மோசமானது எவ்வளவு என்று கேளுங்கள். ஆள் சும்மா இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்துக்கும் விலை உண்டு. புகார்கள் தாறுமாறான இடைவெளியில் வரும் ஒற்றைக் கவுன்டரில், ஒரு புகாருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் பிடிக்கும் என்று கொண்டால், ஊழியரின் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போகும்போது காத்திருப்பு சுமார் 40 நிமிடம். 90 சதவீதமானால் 90 நிமிடம், 95 சதவீதமானால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். புகாரை மூடியதாகக் கணக்குக் காட்டுவதும் வேண்டாம். ஏழு நாளில் அதே புகார் திரும்பி வந்ததா என்று எண்ணுங்கள்.

பழுதுப் பதிவேட்டில் எங்களுக்கே வெட்கமான வரி ஒன்று இருக்கிறது: "காரணம்: கவனக்குறைவு. நடவடிக்கை: மறுபயிற்சி." இனி அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பழுது ஏன் உண்டாயிற்று, உண்டான பிறகு ஏன் பிடிபடவில்லை என இரண்டுக்கும் தனித்தனிப் பதில் கேளுங்கள். உருப்படியைத் தலைகீழாகப் பொருத்த முடிகிறது என்றால், ஃபிக்ஸ்சரில் (உருப்படியைப் பிடித்து வைக்கும் அமைப்பில்) ஒரு பின் வைத்து அதை முடியாததாக்கலாம். அந்த வேலை அரை நாளில் முடியும். பழுது தீர்ந்ததா என்று உறுதிசெய்ய நாலைந்து நல்ல உருப்படி போதாது. முன்பு 2 சதவீதம் பழுது இருந்த இடத்தில் தொடர்ந்து 150 நல்லதாக வந்தால்தான் நம்பலாம்.

கடைசியாக, மாத இறுதியின் "இந்த ஒரு தடவை மட்டும்" அனுமதிகள். கொடுக்க வேண்டிய நிலை சில நேரம் வரும், மறுக்கவில்லை. வாய்மொழியாகச் சொல்லாமல் எத்தனை உருப்படி, எந்த அளவில் விலகல், எந்தத் தேதி வரை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாயிற்றா என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தரப் பிரிவினர்