சதுரங்கக் கதையை விடுங்கள், அந்த மக்களைப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகின் விசித்திரமான நாட்டு எல்லைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மதுரை மாவட்டத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லை என்று தலைப்பில் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாது.

பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக் கிடக்கும் பார்லே ஊருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் மேற்கு வங்கத்தில், வங்கதேச எல்லையோரம் இருக்கும் நம் கூச் பிகாருக்கு நாலே வரி. அதுவும், ராஜாவும் நவாபும் சதுரங்கம் ஆடி கிராமங்களைப் பந்தயம் வைத்தார்கள் என்ற கதையிலேயே முடிந்துவிட்டது. அது செவிவழிக் கதை. கூச் பிகார் அரசும் மொகலாயர்களும் போட்ட சண்டை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமாதானத்துக்கு வந்தபோது, அவரவர் ஆட்கள் பிடித்து வைத்திருந்த நிலம் அவரவரிடமே தங்கிவிட்டது. அப்படித்தான் ஒருவர் நாட்டுக்குள் இன்னொருவர் கிராமங்கள் வந்தன. மொகலாயர் பக்கம் இருந்த, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் 1947இல் பாகிஸ்தானுக்குப் போயிற்று, 1949இல் கூச் பிகார் இந்தியாவோடு இணைந்தது. ராஜா காலத்துத் துண்டு நிலங்கள் இரண்டு தேசங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டன.

வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். தஹலா கக்ராபாரி என்று ஓர் இடம். வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டு, அதற்குள் வங்கதேசத் துண்டு, அதற்குள்ளே மறுபடி இந்திய நிலம். இரண்டு ஏக்கர்கூடக் கிடையாது. உலகத்தில் வேறெங்கும் இப்படி மூன்று அடுக்காக இருந்ததில்லை. இதையாவது படத்தோடு போட்டிருக்கலாம்.

இந்தத் துண்டுகளில் எல்லாம் சேர்த்து 50,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். தன் நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அடுத்த நாட்டைக் கடக்க வேண்டும். கடக்க பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட் வாங்கவே கடந்துதான் போக வேண்டும். கரண்ட் இல்லை, போலீஸ் இல்லை, ஓட்டு இல்லை. பக்கத்து ஊர்க்காரரைத் தகப்பன் என்று எழுதிக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் இருந்தார்கள். பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போதே!

பார்லேயின் வரைபடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் 22 பெல்ஜியத் துண்டுகள், சிலவற்றுக்குள் நெதர்லாந்துத் துண்டுகள். அந்த எல்லை முழுசாக அளந்து முடிந்ததே 1995இல்தான். ஆனால் எல்லைக்கோடு வீட்டுக்குள் ஓடினால் வாசல் கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு என்று முடிவு பண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வீட்டின் முன்பாதி ஓர் ஊராட்சியிலும் பின்பாதி இன்னோர் ஊராட்சியிலும் கிடந்து, வரியை எங்கே கட்டுவது என்று அலைந்த குடும்பங்களை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வாசல் கதவு ஏற்பாட்டின் அருமை எனக்குத் தெரியும். 2020இல் கொரோனா வந்தபோது அங்கே ஒரு கடையில் பெல்ஜியப் பாதியை மட்டும் மூடி, நெதர்லாந்துப் பாதியில் வியாபாரம் நடந்தது. அதற்கு மேல் பெரிய கஷ்டம் இல்லை. கோடு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிச் சிக்கல்தான். கூச் பிகாரில் மனுஷர்களைக் கைவிட்டது இரண்டு பக்கத்து அரசாங்கங்களும்.

இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்ள 1974இல் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரகுமானும் ஒப்பந்தம் போட்டார்கள். நிலத்தை விட்டுக்கொடுக்க நாம் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த 100ஆவது திருத்தம் வந்தது 2015இல். 41 வருஷம்! ஒரு தலைமுறை அதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியது. யார் எந்த நாடு வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். இந்தியப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர்கூட வங்கதேசத்துக்குப் போகவில்லை. அங்கிருந்து இங்கே வந்தவர்களும் ஆயிரத்துக்குக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இருந்த இடத்திலேயே இருந்தால் போதும், ஏதாவது ஒரு நாடு தங்களைத் தன் ஆள் என்று சொன்னால் போதும். அப்படி இந்தியர்களானவர்கள் 2016 மேற்கு வங்கத் தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள்.

நம் ஊரில் இதெல்லாம் தூரத்து விஷயமாகத் தெரியலாம். ஆனால் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் புதுச்சேரி நிலம் இன்றும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. 1954 நவம்பர் வரை அங்கே ஆட்சி பிரெஞ்சுக்காரர்களுடையது, அதாவது அதுவும் நாட்டு எல்லை. இன்றைக்கு நாம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கடந்து போகிறோம். கூச் பிகார்க்காரர்களுக்கு அது 2015 வரை வாய்க்கவில்லை.

ஒரு கோரிக்கை. நாடு மாறிய அந்த நிலங்களின் பழைய பத்திரங்கள் ஒரு தேசத்தில், நிலம் இன்னொரு தேசத்தில். உரிமைப் பதிவுக்காக மேற்கு வங்கச் சட்டமன்றம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. பட்டா இல்லாதவன் படும் பாட்டைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிறையப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். சட்டம் வந்த பிறகு அந்தக் குடும்பங்களுக்கு நிலப் பதிவு கைக்கு வந்ததா? உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, அவர்கள் வாயாலேயே கேட்டு ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
மேலூர், மதுரை மாவட்டம்.